வஸீர்களின் வீழ்ச்சியும் கருவூலச் சாவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இஸ்லாமியப் பேரரசுகளில் செல்வாக்கோடு விளங்கிய அமைச்சர்களையும் மாகாண ஆளுநர்களையும் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். பாக்தாத், கெய்ரோ, இஸ்தான்புல், பீதர் என்று ஆயிரம் ஆண்டு வரலாற்றை ஒரே பக்கத்தில் அடக்குவது எளிதன்று. அதற்குத் துணிந்த கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆயினும், ஒவ்வோர் அமைச்சரின் வீழ்ச்சிக்கும் ஒரு காதல் கதையையோ, அந்தப்புரச் சூழ்ச்சியையோ, மன்னரின் திடீர்ச் சினத்தையோ காரணமாகச் சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்தவரிடம் போய்விடுகிறது. படிப்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அரசுகள் எப்படி நடந்தன என்பது கடைசி வரி வரையில் பிடிபடவில்லை.

நான் அரசுக் கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். செலவை அனுமதிப்பவர் ஒருவராகவும் பணத்தை வழங்குபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும் என்பது நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனத்தில் பதிந்துபோன பாடம். ஆகவே வரலாற்றில் எந்த அதிகாரியைப் பற்றிப் படித்தாலும், வரி யார் கைக்கு வந்தது, செலவுக்கு யார் கையெழுத்திட்டார் என்றுதான் முதலில் தேடுவேன். இதைத் தொழில் புத்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, கட்டுரையில் தனித்தனிக் கதைகளாகக் கிடக்கும் பல செய்திகள் ஒரே கேள்வியைச் சுற்றி வருவது தெரிகிறது. படையை வைத்திருப்பவரிடமே வரியும் இருக்கலாமா என்பதே அந்தக் கேள்வி.

இது மிகப் பழைய கேள்வி. எகிப்தை 640-களின் தொடக்கத்தில் வென்று அதன் ஆளுநராக இருந்த அம்ரு இப்னுல் ஆஸிடம், இஸ்லாமிய அரசின் தலைவரான மூன்றாம் கலீஃபா உஸ்மான் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். படைத் தலைமை அம்ருவிடம் இருக்கட்டும், நிலவரி வசூல் அப்துல்லாஹ் இப்னு ஸஅதிடம் போகட்டும் என்பது அந்த ஏற்பாடு. “பசுவின் கொம்பை நான் பிடித்துக்கொண்டிருக்க, பாலை இன்னொருவர் கறப்பதா?” என்ற பொருளில் அம்ரு மறுத்துவிட்டதாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் பதவி இழந்தார், அப்துல்லாஹ் வந்தார், வசூல் கூடியது. ஒட்டகம் இப்போது முன்னைவிட அதிகமாகப் பால் தருகிறதே என்று கலீஃபா சொன்னபோது, ஆமாம், குட்டிகள் பட்டினி கிடக்கின்றன என்று அம்ரு பதில் சொன்னாராம். இந்த உரையாடல் சொல்லுக்குச் சொல் நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாகாண ஆளுநரையும் வரி அதிகாரியையும் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமும், பிரித்தால் ஆளுநர் முறுக்கிக்கொள்வார் என்ற பட்டறிவும் அந்த முதல் தலைமுறையிலேயே வந்துவிட்டன என்பதற்கு இது போதும்.

அதே எகிப்தில் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து நடந்ததைக் கட்டுரையாளர் ‘ஒரு துருக்கிய வீரரின் துணிச்சல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அஹ்மத் இப்னு தூலூன் 868-ஆம் ஆண்டு எகிப்தின் ஃபுஸ்தாத் நகருக்கு வந்தபோது முழு ஆளுநராகக்கூட வரவில்லை. கலீஃபாவின் தலைநகரில் இருந்த ஒரு துருக்கியத் தளபதியின் பேராளராகத்தான் வந்தார். நிலவரி இப்னுல் முதப்பிர் என்ற தனி அதிகாரியிடம் இருந்தது. கடுமையான வரி விதிப்புக்குப் பெயர்போன அந்த மனிதர், நூறு மெய்க்காவல் அடிமைகள் புடைசூழ வந்து, புதிய ஆளுநருக்கு 10,000 தீனார் அன்பளிப்பு அனுப்பியதாகவும், இப்னு தூலூன் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்த நூறு காவலர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் ஒரு செய்தி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. காவலர் போனபின் வரி அதிகாரியின் பலம் கரைந்தது. சில ஆண்டுகளில் அவர் எகிப்தைவிட்டே அகற்றப்பட்டார். அதன் பிறகு எகிப்தின் வரியிலிருந்து தலைநகருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை இப்னு தூலூனே தீர்மானித்தார். தெற்கு ஈராக்கில் ஸன்ஜ் எனப்பட்ட அடிமைகளின் கிளர்ச்சியை அடக்கப் பணமின்றித் தவித்த கலீஃபாவின் தம்பி அல்முவஃப்பக், வந்த தொகை போதாது என்று சினந்து இவரைப் பதவியிலிருந்து இறக்கவே முயன்றார், முடியவில்லை. 876-இல் தொடங்கி 879-இல் முடிந்த இப்னு தூலூன் பள்ளிவாசல் இன்றும் கெய்ரோவில் நிற்கிறது. தலைநகருக்குப் போகாமல் எகிப்திலேயே தங்கிவிட்ட வரிப்பணம் என்ன செய்யும் என்பதை அங்கே செங்கல்லிலும் சுண்ணச்சாந்திலும் பார்க்கலாம். அவர் குடும்பத்தின் ஆட்சி 905 வரை நீடித்தது.

கட்டுரையில் மிக அதிக இடம் பெற்றிருப்பது பர்மக்கியர் கதை. பல்க் நகரின் நவ்பஹார் பௌத்த விகாரத்தைப் பரம்பரையாக நிர்வகித்த குடும்பத்திலிருந்து வந்து, அப்பாஸியக் கலீஃபாக்களின் வஸீர்களாக, அதாவது அமைச்சர்களாக, உயர்ந்தவர்கள் அவர்கள். 786-இல் ஹாரூன் அர்ரஷீத் கலீஃபா ஆனவுடன் யஹ்யாவிடம் தம் முத்திரையையே கொடுத்தார். யஹ்யாவும் அவர் மக்கள் ஃபள்லும் ஜஅஃபரும் பதினேழு ஆண்டுகள் பேரரசை நடத்தினார்கள். 803-ஆம் ஆண்டு ஓர் இரவில் ஜஅஃபர் தலை வெட்டப்பட்டது, மற்றவர்கள் சிறைக்குப் போனார்கள், சொத்துகள் பறிக்கப்பட்டன. கலீஃபாவின் சகோதரி அப்பாஸாவுக்கும் ஜஅஃபருக்கும் இருந்த உறவே காரணம் என்ற பழைய கதையைக் கட்டுரையாளர் ஐயமின்றி எழுதுகிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்னு கல்தூன் தம் வரலாற்று முன்னுரையில் இந்தக் கதையைத் தள்ளிவிட்டார் என்பதைச் சொல்லியிருக்க வேண்டாமா? அரசதிகாரம் முழுவதையும் அவர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், வரி வருவாயைத் தங்களிடமே முடக்கிக்கொண்டார்கள், சிறு தொகை வேண்டுமானாலும் ஹாரூனே அவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்டும் கிடைக்காத நாள்கள் இருந்தன என்பதே இப்னு கல்தூன் தரும் விளக்கம். கருவூலச் சாவி அடுத்தவர் இடுப்பில் தொங்கும்போது கலீஃபாவின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். சகோதரியைக் கதைக்குள் இழுக்கத் தேவையில்லை. அந்தக் கதை நிலைத்ததற்குக் காரணம், அதைக் கூத்தாக நடிக்க முடியும். நிலுவைக் கணக்கை நடிக்க முடியாது.

இவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த கலீஃபா அல்முக்ததிர் காலத்து வஸீர்களைக் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது எனக்குப் பெரிய ஏமாற்றம். 908 முதல் 932 வரையிலான அந்த ஆட்சியில் இப்னுல் ஃபுராத் மூன்று முறை வஸீராகி, மூன்றாம் முறை 924-இல் கொல்லப்பட்டார். அவருக்குப் போட்டியாக நின்ற அலீ இப்னு ஈஸா, ‘நல்ல வஸீர்’ என்று பெயர் எடுத்தவர். ஹிஜ்ரி 306-க்கு, அதாவது 918–919-க்கு, அவர் தயாரித்த வரவு செலவுக் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பேரரசின் கணக்கு மாகாணம் மாகாணமாகக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். அதில் செலவு வரவைத் தாண்டி நிற்கிறது. அவர் சம்பளங்களைக் குறைத்தார், அரண்மனைச் செலவைக் குறைத்தார். படைவீரரும் அரண்மனைக்காரரும் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து இறங்க வைத்தார்கள். சிக்கனம் செய்த நிதி அதிகாரிக்கு எந்தக் காலத்திலும் கிடைக்கும் பரிசுதான் அது.

பதவி இழந்த வஸீரின் கதி அந்நாளில் ஒரு நடைமுறையாகவே ஆகிவிட்டிருந்தது. அவரையும் அவருடைய எழுத்தர்களையும் பிடித்து வைத்து, பதவியில் இருந்தபோது சேர்த்ததைக் கணக்குப் பார்த்துக் கறப்பார்கள். இதற்கு ‘முஸாதரா’ என்று பெயர். இப்படி வரும் பணத்தைக் கவனிக்கத் தனி அலுவலகமே இருந்தது. முன்னாள் அமைச்சரின் சொத்து அரசின் வருவாய்த் தலைப்புகளுள் ஒன்றாக இருந்தது என்று இதற்குப் பொருள். நாளை பறிபோகும் என்று தெரிந்தவர் இன்றே அதிகமாகச் சேர்ப்பார். அதிகமாகச் சேர்த்தவரைக் கவிழ்க்க எதிரிகளுக்கு ஆசை அதிகமாகும். இந்தச் சுழலைத் தனிமனிதர்களின் பேராசை என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

மாகாணங்கள் பணம் அனுப்புவதை நிறுத்தியபோது முடிவு விரைந்து வந்தது. வாஸித், பஸ்ரா பகுதிகளின் ஆளுநரான இப்னு ராயிக், செலுத்த வேண்டிய வரியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். கலீஃபா அர்ராளியால் அவரைத் தண்டிக்க முடியவில்லை. 936-இல் அவரையே பாக்தாதுக்கு அழைத்து, அமீருல் உமரா (தளபதிகளின் தளபதி) என்ற பட்டத்தோடு படையையும் நிலவரியையும் சேர்த்து ஒப்படைத்தார். அன்றே வஸீர் பதவி வெறும் பெயராகிப் போனது. 945-இல் ஈரானிலிருந்து வந்த புவைஹியர் என்ற படைக் குடும்பத்தார் பாக்தாதுக்குள் நுழைந்தபோது அவர்கள் புதிதாக எதையும் பறிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த சட்ட அறிஞர் அல்மாவர்தி, வஸீர்களை இரு வகையாகப் பிரித்து எழுதியதையும் இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். முழு அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டவர் ஒரு வகை. ஆணையை நிறைவேற்றுவதோடு நிற்பவர் மற்றொரு வகை. ஆளுநர்களிலும் மன்னர் விரும்பி அமர்த்தியவர், வலிமையால் இடத்தைப் பிடித்துக்கொண்டபின் வேறு வழியின்றி அங்கீகரிக்கப்பட்டவர் என்று இரு வகையினரைச் சொல்கிறார். நடந்து முடிந்ததற்குச் சட்டத்தில் இடம் தேடிய முயற்சி இது. கட்டுரையாளர் எல்லோரையும் ‘பிரதமர்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

நிஜாமுல் முல்க் பற்றி அவர் எழுதியதோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. செல்ஜுக் சுல்தான்களான அல்ப் அர்ஸ்லானுக்கும் மலிக் ஷாவுக்கும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வஸீராக இருந்து, 1067-இல் பாக்தாதில் நிஜாமிய்யா கல்விக்கூடத்தைத் திறந்து, 1092-இல் நஹாவந்த் அருகே கத்திக்குத்தில் இறந்தவர் அவர். மத்திய ஆசியாவின் ஆமு நதியைப் படை கடந்தபோது ஓடக்காரர்களுக்கான கூலியை, மத்தியதரைக் கடல் பக்கம் இருந்த அந்தியோக்கியா நகரின் வரியிலிருந்து பெற்றுக்கொள்ளும்படி அவர் உத்தரவுச் சீட்டு எழுதிக் கொடுத்தார் என்ற செய்தியை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன். ஓடக்காரர்கள் முறையிட்டார்கள் என்பதும் அந்தச் செய்தியிலேயே உண்டு. பேரரசின் அகலத்தைக் காட்ட அவர் செய்த விளம்பரம் அது என்று சொல்வார்கள். ஒரு மூலையில் எழுதிய சீட்டு மறுமூலையில் செல்லுபடியாகும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அவருடைய அதிகாரம் நின்றது. நிலத்தை மானியமாகப் பெற்ற படைத்தலைவர்களுக்கு வரியில் மட்டுமே உரிமை உண்டு, குடிகளின் உடைமையில் இல்லை என்றும், அவர்களை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும் என்றும் அவர் எழுதி வைத்தார்.

எல்லாவற்றையும் பணத்தில் கொண்டுபோய் முடிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். உஸ்மானியப் பேரரசில் 1565 முதல் 1579 வரை மூன்று சுல்தான்களின் தலைமை வஸீராக இருந்த சோக்கொல்லு மெஹ்மத் பாஷா, முறையீடு கொண்டுவந்தவர்போல் வந்த ஒருவரின் கத்தியால் இறந்தார். அதே பதவியில் பின்னர் இருந்த காரா முஸ்தஃபா பாஷாவை 1683-இல் வியன்னா முற்றுகையில் கண்ட தோல்வி கொன்றது. அங்கே கருவூலக் கணக்கு இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது.

ஆனால் பீதர் நகரின் மஹ்மூது கவான் விஷயத்தில் கட்டுரை செய்திருக்கும் அநீதியைப் பொறுக்க முடியவில்லை. ‘போலிக் கடிதத்துக்குப் பலியான நல்லவர்’ என்ற ஆறேழு சொற்களில் அவரை முடித்துவிட்டார்கள். பாரசீகத்தின் கீலான் பகுதியிலிருந்து வணிகராக வந்து, தக்காணத்தை ஆண்ட பாமினி அரசின் தலைமை அமைச்சரானவர் அவர். 1472-இல் அவர் பீதரில் கட்டிய மதரஸாவின் வண்ண ஓடு பதித்த மினார் இன்றும் நிற்கிறது. அந்த அரசு ‘தரஃப்’ எனப்பட்ட நான்கு பெரிய மாகாணங்களாக இருந்தது; அவற்றின் ஆளுநரான ஒவ்வொரு தரஃப்தாரும் தம் மாகாணத்தின் எல்லாக் கோட்டைகளையும் வரியையும் வைத்துக்கொண்டு குட்டிச் சுல்தானாக வாழ்ந்தார். கவான் நான்கை எட்டாக்கினார். ஒரு தரஃப்தாருக்கு ஒரு கோட்டை மட்டும் என்று விதித்து, மற்றக் கோட்டைகளுக்குத் தலைநகரிலிருந்தே தளபதிகளை அமர்த்தினார். ஒவ்வொரு மாகாணத்திலும் சில பகுதிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் வரி நேரே சுல்தானின் கருவூலத்துக்கு வரும்படி செய்தார். நிலத்தை அளக்கச் செய்தார். இத்தனை வீரர்களை வைத்திருப்பேன் என்று பணம் பெற்ற தலைவர் குறைவாக வைத்திருந்தால், குறைந்த தலைகளுக்கு உரிய பணத்தைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கடைசி நடவடிக்கையைத் தணிக்கைத் துறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வணங்குவார்கள்.

இதனால் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். தெலுங்கானா தரஃப் இரண்டாகப் பிளக்கப்பட்டதால் செல்வாக்கு இழந்தவர் மாலிக் ஹசன். கவானின் முத்திரையை வைத்திருந்த பணியாளை வசப்படுத்தி, வெற்றுத் தாளில் முத்திரை பதிக்கச் செய்து, அதில் ஒரிசாவின் கஜபதி மன்னருக்கு அழைப்பு விடுப்பதுபோல் கடிதம் எழுதிய குழுவின் தலைவராகச் சொல்லப்படுபவரும் அவரே. பாமினி சுல்தான் மூன்றாம் முகம்மது ஷா, காஞ்சிபுரம் வரை சென்று சூறையாடித் திரும்பிய அதே 1481-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது, ஏப்ரல் 5 அன்று, கொண்டபள்ளியில் இருந்த முகாமில் கவானைக் கொல்வித்தார். பிறகு அமைச்சரின் கருவூலத்தைத் திறந்து பார்த்தார்கள். பறிமுதல் செய்வதற்கு அங்கே குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. சுல்தான் அடுத்த ஆண்டே இறந்தார். மாலிக் ஹசனின் மகன் அஹ்மது 1490-இல் அஹ்மத்நகர் அரசை நிறுவினார். பிஜப்பூரும் பேராரும் பிரிந்தன, பின்னர் கோல்கொண்டாவும் பிரிந்தது. கவான் எந்தக் கோட்டைகளையும் வரியையும் பிடுங்கித் தலைநகருக்குக் கொண்டுவர முயன்றாரோ, அவற்றைக் கொண்டுதான் இந்தப் புதிய அரசுகள் எழுந்தன. முத்திரை பதித்த அந்த வெற்றுத் தாள் ஒரு கருவி; அதைத் தேடி ஓட வைத்தது எட்டாகப் பிரிந்த வரைபடம்.

முகலாயர் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றிருந்தார்கள். அக்பர் 1580-இல் பேரரசைச் சுபா எனப்பட்ட பன்னிரண்டு மாகாணங்களாகப் பிரித்தபோது, ஒவ்வொன்றிலும் படைக்கும் ஒழுங்குக்கும் சுபேதார், வரிக்குத் திவான் என்று இருவரை வைத்தார். 1590-களின் நடுவில் திவான்கள் நேரே தலைமைத் திவானுக்கே பொறுப்பானார்கள். அம்ரு மறுத்த பசு ஏற்பாடு இங்கே நூறாண்டுக்கு மேல் வேலை செய்தது. வசூல், பாக்கி, ஜமாபந்தி, தாசில்தார், கஜானா, அமீனா என்று நம் அலுவலகங்களில் புழங்கிய சொற்கள் எல்லாம் அந்தத் திவான்களின் உலகத்திலிருந்து வந்தவையே. இந்தச் சொற்களிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது.

அந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்பதற்கு வங்காளமே சான்று. ஔரங்கசீப் 1700-இல் முர்ஷித் குலி கானைத் திவானாக அனுப்பினார். சுபேதாராக இருந்தவர் பேரரசரின் பேரனே ஆன அஸீமுஷ் ஷான். இருவருக்கும் ஒத்துவரவில்லை. திவான் தம் அலுவலகத்தை டாக்காவிலிருந்து மக்ஸூதாபாதுக்கு மாற்றினார். அதுவே பின்னர் முர்ஷிதாபாத் ஆயிற்று. தக்காணப் போரில் காசு காசாகக் கரைந்துகொண்டிருந்த கிழப் பேரரசருக்கு, தவறாமல் பணம் அனுப்பிய இந்தத் திவானைவிடப் பேரனும் பெரிதாகத் தெரியவில்லை. 1717-இல் சுபேதார் பதவியும் முர்ஷித் குலி கானிடமே வந்தது. கொம்பும் மடியும் ஒரே கையில் சேர்ந்தபின் வங்காளம் பெயரளவில்தான் முகலாய மாகாணமாக இருந்தது. ஆர்க்காட்டிலும் இதே காலத்தில், கர்நாடகத் திவானாக இருந்த சாதத்துல்லா கான் நவாபாகித் தம் குடும்பத்துக்கு ஓர் அரசையே விட்டுச் சென்றார்.

கட்டுரையின் கடைசிப் பத்தி, 1757-இல் பிளாசிப் போரோடு இந்த அமைச்சர்–ஆளுநர் வரலாறு முடிந்தது என்கிறது. இதைத் திருத்தி வெளியிட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் முதன்மையான வேண்டுகோள். 1765 ஆகஸ்டு 12 அன்று, ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய்க்கு முகலாயப் பேரரசர் ஷா ஆலம் வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானிப் பொறுப்பை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்; கம்பெனி கேட்டு வாங்கியது ஒரு முகலாயப் பதவியைத்தான். ஒழுங்கு, நீதி என்ற கொம்புகள் வங்காள நவாபிடம் இருந்தன. பால் கம்பெனிக்குப் போனது. கம்பெனியின் பெயரில் வசூலை நடத்திய துணைத் திவான் முகம்மது ரெஸா கானை, 1770-இன் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1772-இல் கைது செய்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். பதவியில் இருந்தபோது என்ன சேர்த்தார் என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கணக்குக் கேட்டார்கள். குற்றம் நிலைநிற்காததால் விடுவித்தார்கள். பாக்தாதில் இப்னுல் ஃபுராதைப் பிடித்து வைத்துக் கேட்ட அதே கேள்விகளை, இந்த முறை ஆங்கிலேயர்கள் கேட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கருவூல அலுவலர்